கடல் கொண்ட மானியம்

லண்டன் செயின்ட் பால் கதீட்ரலில் பாடகர் குழு உட்காரும் பகுதியில் இரண்டு பக்கமும் மர இருக்கைகள் வரிசையாக இருக்கின்றன. கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கியவை. பூவும் பழமும் தேவதூதர் தலையுமாக அவ்வளவு நுணுக்கம். வந்தவர்கள் எல்லாம் அந்த வேலைப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் இருக்கைகளின் பெயர்களைப் பற்றி அங்கிருந்த வழிகாட்டி அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மொத்தம் முப்பது இருக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இஸ்லிங்டன், ஹோபர்ன், செயின்ட் பேன்க்ரஸ், நீஸ்டன், வில்ஸ்டன் என்று பெரும்பாலும் லண்டன் ஊர்ப் பெயர்கள். காலையில் வந்த ரயிலின் வரைபடத்தில் பாதியைப் படித்திருந்தேன். ஒரே ஒரு பெயர் மட்டும் ஊராகத் தெரியவில்லை. கன்சம்ப்டா பெர் மாரே. லத்தீன். "கடல் தின்றுவிட்டது" என்று அந்த அம்மா பொருள் சொன்னார்.

கடல்கோள், கடல் கொண்ட பூம்புகார் என்றெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துப்போகும். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களின் சம்பளப் பட்டியலைச் சரிபார்ப்பதிலேயே காலம் போயிற்று. எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் இங்கே யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தலைப்பில் கொடுக்கிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் வரும். ஜெபம் அப்புறம்தான். மனைவி இதைச் சொல்லித் திட்டாத நாள் இல்லை. இந்த முறை பிரிஸ்டலில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தபோது கதீட்ரல் கதீட்ரலாகச் சுற்றி, திரும்பி வந்து நூலகத்தில் உட்கார்ந்து படித்ததில் தேறியதுதான் இது.

முதலில் நம் ஊர்க் கணக்கு. நான் பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். எங்கள் சேகரத்து ஐயருக்கு, அதாவது எங்கள் வட்டாரத்துச் சபைகளின் குருவானவருக்கு, சம்பளம் பிஷப்பின் ஆளுகையான திருமண்டலத்திலிருந்து வரும். திருமண்டலத்துக்குப் பணம் சபையார் கொடுக்கும் சங்கக் காணிக்கையிலிருந்து போகும். எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பாள். "இது ஐயர் வீட்டுக்கா போகும்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கர்த்தருக்கு" என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்டால் அடி விழும்.

இங்கிலாந்தின் பழைய கதீட்ரல்களில் கணக்கு வேறு. அங்கே சம்பளம் ஆளுக்குக் கிடையாது. இருக்கைக்குத்தான். ஒவ்வொரு இருக்கையின் பெயரிலும் ஒரு நிலம், அல்லது ஒரு கிராமம், அல்லது ஒரு கிராமத்துக் கோயிலின் தசமபாகம் (விளைச்சலில் கோயிலுக்குச் சேரும் பத்தில் ஒரு பங்கு) எழுதி வைக்கப்பட்டிருக்கும். இருக்கையில் யாரை நியமிக்கிறார்களோ அவருக்கு அந்த வருமானம். அவர் செத்தால் அடுத்தவருக்கு. இந்த மானியத்துக்குப் பெயர் பிரெபெண்ட். அதை அனுபவிக்கும் குருவானவர் கேனன். கேனன்கள் எல்லோரும் சேர்ந்த சபை சாப்டர், அதன் தலைவர் டீன். கதீட்ரல் பிஷப்பின் நாற்காலி இருக்கும் இடம்தான். ஆனால் அதை நடத்துவதும் அதன் சொத்தை ஆள்வதும் சாப்டர். பிஷப்பே அங்கே விருந்தாளி மாதிரி. சாலிஸ்பரியில் பிஷப்புக்கும் பாட்டர்ன் என்ற ஊரின் பெயரில் ஒரு பிரெபெண்ட் இருக்கிறது. அந்த வகையில்தான் அவரும் சாப்டரில் ஒருவர்.

பிரெபெண்ட் என்ற சொல்லின் வேரில் பெரிய பக்தி எதுவும் இல்லை. லத்தீனில் 'கொடுக்க வேண்டியது', அதாவது படி. குதிரைக்கு வைக்கும் தீவனத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆரம்பத்தில் அது படியாகத்தான் இருந்தது. கேனன்கள் ஒரே கூரையின் கீழ் தூங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டு, நேரம் தவறாமல் பாடவேண்டும் என்று எட்டாம் நூற்றாண்டில் மெட்ஸ் நகர பிஷப் கிரோடெகாங் ஒரு ஒழுங்கு எழுதினார். 816-இல் ஆகென் நகரில் கூடிய சங்கம் அதை விரிவாக்கியது. தலைக்கு ஒரு நாளைக்கு நாலு பவுண்டு ரொட்டி, திராட்சை நன்றாக விளையும் ஊரில் ஐந்து பவுண்டு திராட்சை ரசம் என்று அளவும் போட்டது. பவுண்டு என்றால் இங்கே எடை. நாலு பவுண்டு ரொட்டியை ஒரு மனிதன் ஒரு நாளில் எப்படித் தின்பான் என்று கேட்காதீர்கள். வீட்டு வேலைக்காரனும் வாசலில் நிற்கும் ஏழையும் அதில் சேர்த்தி என்று வைத்துக்கொள்வோம்.

துறவிகளுக்கும் கேனன்களுக்கும் ஒரு வித்தியாசம். துறவி தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. கேனன் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் நடந்தது. பொதுப் பந்தியில் கிடைத்த படி கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காயிற்று. பங்கு நிலமாயிற்று. நிலம் வந்ததும் தனி வீடு. பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கதீட்ரல்கள் தங்கள் சொத்தைக் கூறு போட்டுவிட்டன. செயின்ட் பாலில் 30, யார்க்கில் 36, சாலிஸ்பரியில் 52, லிங்கனில் 58 பிரெபெண்ட். கூறு போட்ட விதம் சகோதரர்கள் பாகம் பிரிப்பதுபோலத்தான். வில்ஸ்டன் என்ற ஒரே பெரிய கிராமத்தை எட்டாக வெட்டி எட்டு இருக்கைகளுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு துண்டை வால்டர் மேப் என்ற கேனன் அனுபவித்தார். இரண்டாம் ஹென்றி ராஜாவின் அரண்மனையில் கதை சொல்வதில் பேர்போன ஆள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் பெயர் மேப்ஸ்பரி. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் வாடகை வாங்கியவரின் பெயர் இப்போது தெருப் பலகையில் இருக்கிறது.

பாகம் பிரித்தால் ஒருவனுக்கு நஞ்சை, ஒருவனுக்குக் களர் நிலம் என்பது எல்லா ஊரிலும் உண்டு. செயின்ட் பாலில் ஒரு இருக்கைக்கு எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் வால்டன் என்ற ஊரில் நிலம் கிடைத்தது. அந்தக் கரை களிமண். அலை அரித்து அரித்து உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கும் அரிப்பு நிற்கவில்லை. அந்த ஊரின் பழைய கோயிலே கடலுக்குள் போய்விட்டது. கேனனின் மானியமும் போயிற்று. ஆனால் இருக்கையை யாரும் எடுக்கவில்லை. கணக்கில் பெயரை மாற்றி 'கடல் கொண்டது' என்று எழுதிவிட்டு, தொடர்ந்து ஆளை நியமித்துக்கொண்டே வந்தார்கள். அரசுப் பதிவேட்டில் வேலை செய்தவனுக்கு இதன் அழகு புரியும். பணியிடம் உண்டு, ஒதுக்கீடு இல்லை.

யார்க்கில் மேஷம் என்ற இருக்கை இதற்கு நேர் எதிர். 13-ஆம் நூற்றாண்டின் மதிப்பீட்டில் வருடத்துக்கு 250 மார்க். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 166 பவுண்டுக்கு மேல். அந்தக் கேனனுக்குத் தன் ஊரில் தனி நீதிமன்றமே இருந்தது, ஆர்ச் பிஷப்பின் அதிகாரம் அங்கே செல்லாது. இப்படித் தனித்து நிற்கும் அதிகாரத்துக்குப் பெக்யூலியர் என்று பெயர். இன்றைக்கு அந்த ஊரில் காய்ச்சும் ஒரு கறுப்பு பீருக்கு ஓல்டு பெக்யூலியர் என்று பெயர் வந்தது இதனால்தான். மருமகன் ஒரு பாட்டில் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். எழுத்தை மட்டும் படித்தேன் என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன், மனைவியும் இதைப் படிப்பாள்.

எக்ஸெட்டர் மட்டும் விதிவிலக்கு. அங்கே நிலத்தைப் பிரிக்கவில்லை. எல்லாம் பொது நிதி. 24 கேனனுக்கும் தலைக்கு வருடம் 4 பவுண்டு, சமமாக. எனக்குப் பிடித்த கதீட்ரல் எக்ஸெட்டர்தான். அதற்கு இந்த நியாயம் ஒரு காரணம், பூனை இன்னொரு காரணம். 1305-லிருந்து 1467 வரைக்குமான கணக்கு ஏடுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூனைக்கு 13 பென்னி என்று பதிவு இருக்கிறது. வாரம் ஒரு பென்னி. எலி பிடிக்கும் பணிக்கான படி. கதீட்ரலுக்குள் பெரிய கடிகாரத்தின் கீழே ஒரு கதவு, அதில் பூனை போய்வர ஒரு வட்ட ஓட்டை, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக ஒரே ஊதிய விகிதம் என்பதுதான் உறுத்துகிறது. பஞ்சப்படியாவது கொடுத்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நிலம் இருக்கையோடு சேர்ந்துவிட்டது. அங்கே வந்து உட்கார்ந்தால்தான் பணம் என்று எங்கும் எழுதியில்லை. மேஷம் இருக்கைக்காரர் யார்க்கில் இருந்தாலும் ரோமில் இருந்தாலும் மேஷம் கிராமம் வாடகை கட்டும். அப்படியென்றால் யார்க்கில் ஏன் இருக்கவேண்டும்? வசதியான இருக்கைகள் பல, இங்கிலாந்தைக் கண்ணால் பார்க்காத கர்தினால்களுக்குப் போப்பின் கடிதத்தோடு போயின. மற்றவை ராஜாவின் எழுத்தர்களுக்கு. இந்த இரண்டாவது வகையைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடைக்கால இங்கிலாந்தில் அரசாங்கக் கணக்கும் முத்திரையும் கடிதப் போக்குவரத்தும் படித்த குருமார் கையில்தான். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ராஜாவிடம் காசு கிடையாது. அதனால் கதீட்ரல் இருக்கை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவார். பெரிய அதிகாரி என்றால் நாலைந்து கதீட்ரலில் நாலைந்து இருக்கை. நம் வேலைக்கு முன்னோடிகள் எல்லாம் கோயில் காசில் வாழ்ந்தவர்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆட்கள் வராததால் கதீட்ரல்கள் வேறு வழி பார்த்தன. பிரெபெண்ட் நிலங்களைத் தவிரப் பிரிக்காத பொதுச் சொத்து ஒன்று எல்லா இடத்திலும் மிச்சம் இருந்தது. அதன் வருமானம் ஊரில் தங்கி ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்தார்கள். ரொட்டி, பீர், தினப்படிக் காசு, வருடக் கடைசியில் மிஞ்சியதில் பங்கு. செயின்ட் பாலின் பண்ணைக் கிராமங்கள் இத்தனை வாரத்துக்கு இன்ன கிராமம் என்று முறை வைத்துத் தானியம் அனுப்பின. கதீட்ரலுக்குச் சொந்தமாக ரொட்டி அடுப்பும் பீர் காய்ச்சும் கொட்டகையும் உண்டு. 1286-ஆம் வருடக் கணக்கு இருக்கிறது. அதில் குவார்ட்டர் என்பது அந்தக் காலத் தானிய அளவை. கோதுமை 175 குவார்ட்டர், பார்லி 175 குவார்ட்டர், ஓட்ஸ் 708 குவார்ட்டர் போட்டு, காய்ச்சிய பீர் 67,814 காலன். ஒரு காலனுக்கு நாலரை லிட்டர் என்று வைத்தால் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். கேனன், துணைக்குரு, பாடகன், பணியாள், பிச்சைக்காரன் எல்லோருக்கும் சேர்த்துத்தான். பீர் அன்றாடச் சாப்பாட்டில் சேர்த்தியாக இருந்த காலம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனாலும் அந்தக் கடைசி 14 காலனை விடாமல் எழுதி வைத்த எழுத்தரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஊரில் தங்குகிறவருக்குத்தான் பங்கு என்றதும் கேனன்கள் ஓடி வந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. பத்துப் பேர் தங்கினால் மிச்சம் பத்துப் பங்கு, நாலு பேர் தங்கினால் நாலு பங்கு. ஏற்கெனவே தங்கியிருப்பவர்கள் அடுத்தவன் வருவதை எப்படி விரும்புவார்கள்? செயின்ட் பாலில் புதிதாகத் தங்க வருகிற கேனன் முதல் வருடம் முழுக்க ஊருக்கே விருந்து வைக்கவேண்டும் என்று மரபு வந்துவிட்டது. பெரும் சொத்து இருப்பவரால்தான் தாக்குப்பிடிக்க முடியும். முப்பது இருக்கையில் ஊரில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலைமை இப்படி வந்தது.

பிரான்சில் இன்னும் கறாராக இருந்தார்கள். பல கதீட்ரல்களில் ஆராதனைக்கு வரும் கேனனுக்கு ஈயத்தில் வார்த்த ஒரு டோக்கன் கொடுப்பார்கள். மெரோ என்று பெயர். அதைச் சேர்த்துவைத்துப் பிறகு காசாகவோ ரொட்டியாகவோ மாற்றிக்கொள்ளலாம். ஸ்பெயினில் யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பதற்கே ஓர் அலுவலர். பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்க பிஷப்புகள் கூடிய திரெந்து சங்கம் தங்கள் கதீட்ரல்களுக்குப் பொதுவாகவே சொல்லிவிட்டது: மானிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்து, வருகிறவர்களுக்கு மட்டும் தினப்படியாகக் கொடுங்கள், வருடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் யாரும் வெளியே இருக்கக் கூடாது. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய் மதியம் திரும்புகிற ஆட்களோடு வேலை பார்த்த எனக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அந்த அலுவலகம் எது என்று கேட்காதீர்கள்.

ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு வேளை ஆராதனை நடந்தது. கேனன் வராமல் பாடியது யார்? இதற்குப் பதில்தான் என்னை வெல்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று.

பிரிஸ்டலிலிருந்து 376 பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வெல்ஸ். சின்ன ஊர், பெரிய கதீட்ரல். அங்கே 50-க்கு மேற்பட்ட பிரெபெண்ட் இருக்கின்றன. கூம் என்ற ஒரே கிராமத்தைப் பதினைந்தாகப் பிரித்து, அதற்கு மேல் பெயர் யோசிக்கத் தெம்பில்லாமல், கூம் ஒன்று, கூம் இரண்டு என்று கூம் பதினைந்து வரை எண் போட்டுவிட்டார்கள். கதீட்ரலின் வடக்குப் பக்கம் ஒரு வளைவு வாசல். உள்ளே போனால் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் இரண்டு வரிசை, நடுவில் கல் பாவிய தெரு, ஒவ்வொரு வீட்டுக்கும் உயரமான புகைக்கூண்டு. விகார்ஸ் கிளோஸ். பதினான்காம் நூற்றாண்டுத் தெரு. மழை தூறிக்கொண்டிருந்தது. மகளின் சின்னப் பையன் கல்லில் வழுக்கி விழுந்து அழுததுதான் எங்கள் வருகையின் முதல் நிகழ்ச்சி.

விகார் என்றால் பதிலாள். தான் வராத கேனன் தனக்குப் பதில் பாட ஒருவரை வைத்து, அவருக்குத் தன் வருமானத்திலிருந்து ஒரு சின்னத் தொகை கொடுக்கவேண்டும் என்பது விதி. கேனனுக்கு வருவதில் அது ஒரு துளி. அந்தத் துளியில் வாழ்ந்தவர்கள் ஊரில் கிடைத்த இடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். சாராயக் கடை, சண்டை, பெண் விவகாரம் என்று புகார். பிஷப் ரால்ஃப் 1348-இல் அவர்களுக்கு இந்தத் தெருவையும் ஒரு சாப்பாட்டுக் கூடத்தையும், நடத்த நிலமும் கொடுத்தார். அந்தக் கூடத்தில் ஒரு பழைய ஓவியம் இருக்கிறது. விகார்கள் கூட்டமாக பிஷப்பிடம் மனுக் கொடுக்கிறார்கள். ஊரில் தெருத்தெருவாகச் சிதறிக் கிடக்கிறோம் தந்தையே, எங்களை ஒரே இடத்தில் குடிவையுங்கள் என்று அதில் செய்யுள். பிறகு பிஷப் பெக்கிங்டன் காலத்தில், 1450-களின் கடைசியில், கூடத்திலிருந்து சாலைக்கு மேலாகக் கதீட்ரலுக்குள் போக ஒரு மூடிய பாலமும் கட்டினார்கள். மழையில் நனையாமல் போகலாம். வழியில் வேறு எங்கும் திரும்பவும் முடியாது. எது முதல் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மானியம் வாங்குகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு கதீட்ரலோடு நிற்கவில்லை. கிராமத்துக் கோயில்களுக்கும் போயிற்று. கதீட்ரலுக்குத் தானமாக வந்த கிராமக் கோயில்களின் தசமபாகத்தில் நெல்லுக்குச் சமமான தானியம் எல்லாம் சாப்டருக்கோ கேனனுக்கோ போகும். ஊரில் ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் நடத்தி, பிணம் புதைக்கிற குருவுக்குச் சின்னத் தசமபாகம் மட்டும்: கோழிமுட்டை, ஆட்டுக்குட்டி, தோட்டத்துக் காய்கறி இப்படி. அவரும் கேனனின் பதிலாள் என்பதால் அவருக்கும் விகார் என்றே பெயர். இன்றைக்கு இங்கிலாந்தில் தெருவில் பார்க்கும் சாதாரண கிராமத்துக் குருவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதன் கதை இதுதான். நெல் மேலே போக, முட்டையோடு கீழே நின்றவர்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, மடமாக இருந்த கதீட்ரல்களுக்கு, டர்ஹம், கேன்டர்பரி போன்றவற்றுக்கு, புதிதாக டீனும் கேனன்களும் வைத்தார். பழைய கேனன் கதீட்ரல்களை அநேகமாக அப்படியே விட்டுவிட்டார். ஆனால் மேஷம் தப்பவில்லை. அது 1546-இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்விட்டது.

அதற்குப் பிந்தைய முன்னூறு வருடத்தில் எனக்கு ருசியான பகுதி குத்தகைக் கணக்கு. எலிசபெத் ராணி காலத்தில், 1571-இல் ஒரு சட்டம். கோயில் நிலத்தை 21 வருடத்துக்கு மேல், அல்லது மூன்று ஆயுளுக்கு மேல் குத்தகைக்கு விடக் கூடாது. மூன்று ஆயுள் என்றால், குத்தகைப் பத்திரத்தில் மூன்று பேர் பெயரை எழுதுவார்கள், அந்த மூவரில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை ஓடும். கிழவர்களின் பெயரை யார் எழுதுவார்கள்? நோய் நொடி இல்லாத குழந்தைகளாகப் பார்த்து எழுதினார்கள். வாடகையோ பழைய காலத்து வாடகை, பேருக்கு. அப்படியானால் கேனனுக்கு என்ன லாபம்? புதுப்பிக்கும்போது வாங்கும் மொத்தத் தொகை. நம் ஊர்க் கடைத்தெருவில் பகடி என்போமே, அதுதான்.

இதில் உள்ள சூட்சுமம் இது. வருடம் 100 பவுண்டு பெறுகிற நிலத்துக்கு வாடகை 10 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேனன் குத்தகையைத் தீரவிட்டால் அடுத்து வருகிறவர் 100 பவுண்டுக்கே விடலாம். ஆனால் அதற்கு இருபது வருடம் காத்திருக்கவேண்டும். கேனனுக்கு வயது அறுபத்தைந்து. ஏழு வருடத்துக்கு ஒரு முறை குத்தகையைப் புதுப்பித்துக் கொடுத்தால் கையில் உடனே ஒரு மொத்தத் தொகை. அது சட்டப்படி அவருக்கே சொந்தம், கோயிலுக்கு இல்லை. அடுத்தவருக்கும் அதே வயது, அதே கணக்கு. அதனால் நூற்றாண்டுக் கணக்கில் யாருமே குத்தகையைத் தீரவிடவில்லை.

செயின்ட் பாலின் ஃபின்ஸ்பரி இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மதில் சுவருக்கு வெளியே சதுப்பும் வயலுமாகக் கிடந்த நிலம். 1315-இல் ராபர்ட் பால்டாக் என்ற கேனன் அதை வருடம் 20 ஷில்லிங்குக்கு லண்டன் மாநகராட்சிக்குக் கொடுத்தார். அவர் பின்னால் ராஜாவின் சான்சலர் ஆனவர், நான் மேலே சொன்ன அரசு எழுத்தர் வகை. மாநகராட்சி விடவே இல்லை. 1768-இல் அப்போதைய கேனன் கிறிஸ்டோபர் வில்சன், பார்லிமென்டில் தனிச் சட்டமே போட்டு 99 வருடக் குத்தகை எழுதி, வருமானத்தில் தனக்கும் பங்கு வைத்துக்கொண்டார். வயல் போய்ச் சதுக்கமும் வங்கியும் வீட்டு வரிசையுமாக நகரம் வளர்ந்துவிட்ட காலம். 1867-இல் அந்தக் குத்தகை தீர்ந்தபோது நிலத்தின் மதிப்பு எங்கோ போயிருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் உரிமை அதற்குள் கேனன் கையில் இல்லை.

காரணம், 1830-கள். தொழிற்சாலை நகரங்களில் லட்சக்கணக்கில் ஜனம், கோயில் இல்லை, குரு இல்லை. கதீட்ரல் நகரங்களில் நாலு பேர் பாடும் ஆராதனைக்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு. டர்ஹம் கேனன்களின் நிலத்துக்கு அடியில் நிலக்கரி இருந்தது. அவர்களுக்கு வந்த பணத்தைப் பற்றி நாடே பேசியது. பார்லிமென்ட் கை வைப்பதற்குள் நாமே ஏதாவது செய்துவிடுவோம் என்று 1832-இல் அவர்கள் தங்கள் சொத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். டர்ஹம் பல்கலைக்கழகம் அப்படிப் பிறந்ததுதான். பயத்தில் பிறந்தாலும் நல்ல காரியம்.

சிட்னி ஸ்மித் என்று செயின்ட் பாலில் ஒரு கேனன். நீஸ்டன் இருக்கைக்காரர். இங்கிலாந்தே சிரித்த நகைச்சுவைக்காரர். மற்ற எல்லாச் சீர்திருத்தத்துக்கும் ஆதரவாக எழுதியவர், தன் இருக்கைக்கு வந்தபோது மட்டும் பேனாவை எதிர்ப்பக்கம் திருப்பினார். 1837-லிருந்து அவர் எழுதிய கடிதங்களின் வாதம்: குரு வேலை ஒரு பரிசுச்சீட்டு. ஏழைச் சம்பளத்துக்கு இத்தனை படித்தவர்கள் வருவது என்றைக்காவது ஒரு கதீட்ரல் இருக்கை விழும் என்ற ஆசையில்தான். பரிசை எடுத்துவிட்டுச் சமமாகப் பங்கு போட்டால் எல்லோருக்கும் பிச்சைக்காசு, நல்ல ஆள் ஒருவரும் வரமாட்டார். இன்னொன்றும் சொன்னார். கேனன்களின் சொத்தை வெட்ட உட்கார்ந்த கமிஷனில் பிஷப்புகள் இருக்கிறார்கள், கேனன் ஒருவரும் இல்லையே என்று. இரண்டாவது வாதம் நியாயம். முதல் வாதத்தைப் படித்துச் சிரித்தேன், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சீட்டு விழாத ஆயிரம் பேர் முட்டையோடு வாழ்ந்துகொண்டிருந்தார்களே.

1840-இல் சட்டம் வந்தது. பெரும்பாலான கதீட்ரல்களில் தங்கும் கேனன்கள் நாலு பேர் போதும். டீனுக்கு வருடம் 1,000 பவுண்டு, கேனனுக்கு 500. செயின்ட் பாலில் அதற்கு இரட்டிப்பு, டர்ஹம் டீனுக்கு 3,000. தங்காத கேனன்களின் மானியம் எல்லாம் பொதுக் கமிஷனுக்குப் போய், அங்கிருந்து ஏழைச் சேகரங்களுக்கு. ஆனால் ஏற்கெனவே இருக்கையில் இருப்பவர்களின் உரிமையைத் தொடவில்லை. அவர்கள் சாகும்வரை பழைய கணக்கு, புதிதாக வருபவர்களுக்குப் புதுக் கணக்கு. 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் வேலையில் சேர்ந்த என் போன்றவர்களுக்குப் பழைய ஓய்வூதியம், பின்னால் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று இங்கே வைத்தார்களே, அதே உத்தி.

இதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1813 சட்டம் கல்கத்தாவுக்கு ஒரு பிஷப்பை வைத்து வருடம் 5,000 பவுண்டு சம்பளம் போட்டது. 1833 சட்டம் சென்னைக்கும் பம்பாய்க்கும் பிஷப் வைத்து 24,000 சிக்கா ரூபாய் (அந்தக் காலக் கம்பெனி நாணயம்) போட்டது. 1835-இல் டேனியல் கோரி சென்னையின் முதல் பிஷப் ஆனார். கதீட்ரல் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த செயின்ட் ஜார்ஜ் கோயில் கதீட்ரல் ஆனது அப்போதுதான். இங்கே பிரெபெண்டும் கிடையாது, தசமபாகமும் கிடையாது. சம்பளம் இந்திய வருவாயிலிருந்து. அந்த வருவாயில் பெரும்பங்கு நிலவரி. அதாவது இங்கிலாந்தில் கோயில் சொத்திலிருந்து குருமார் சம்பளத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், பிஷப்பைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத செங்கல்பட்டு விவசாயி கட்டிய தீர்வையில் பிஷப்புக்குச் சம்பளம் போனது. ஆச்சியின் கைப்பிடி அரிசி அந்த வகையில் எவ்வளவோ யோக்கியமான கணக்கு.

இன்றைக்கு இங்கிலாந்தில் ஒவ்வொரு கதீட்ரலிலும் டீனுக்கும் இரண்டு கேனன்களுக்கும் சர்ச் கமிஷனர்கள் என்ற மத்திய அமைப்பு சம்பளம் கொடுக்கிறது. மற்றதைக் கதீட்ரல் தானே தேடிக்கொள்ளவேண்டும். நுழைவுச் சீட்டு, தேநீர்க் கடை, சாவிக்கொத்து விற்பனை. பழைய இருக்கைகள் போகவில்லை. செயின்ட் பாலில் முப்பது பெயருக்கும் இன்றும் ஆள் நியமிக்கிறார்கள். காசு கிடையாது, கௌரவம் மட்டும்தான். ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. சங்கீதம் 150. இருக்கை 30. ஒரு இருக்கைக்கு ஐந்து சங்கீதம் என்று எப்போதோ பிரித்து, எந்த இருக்கைக்கு எது என்று முதல் வார்த்தைகளை இருக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தினம் தன் ஐந்தையும் சொன்னால், எந்தெந்த ஊரில் இருந்தாலும், சாப்டர் தினமும் சங்கீதப் புத்தகம் முழுவதையும் முடித்துவிடும். நிலம் கடலுக்குள் போன இருக்கைக்கும் ஐந்து சங்கீதம் உண்டு.

வெல்ஸில் அன்று மாலை ஆராதனை வரை இருந்தோம். ஐந்து மணிக்கு முன்னால் விகார்ஸ் கிளோஸில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் கையில் இசைத்தாள் பையோடு இறங்கிப் போனார். கதீட்ரல் பாடகர்களுக்கு இன்றும் விகார் என்றே பெயர், பலர் இன்றும் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். பாட்டு முடிந்து வெளியே வரும்போது வாசலில் கார்டு தேய்க்கிற மெஷின் ஒன்று நின்றது. மூன்று பவுண்டு, ஐந்து பவுண்டு, பத்துப் பவுண்டு என்று பொத்தான்கள். "இது பாடினவங்களுக்குப் போகுமா, கட்டடத்துக்கா?" என்று மனைவி கேட்டாள். பொது நிதிக்கும் இருக்கைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து நான் ஆரம்பித்தேன். 816-ஐத் தாண்டுவதற்குள், "ஐந்தை அமுக்கிட்டு வாங்க, பஸ் போயிரும்" என்று பையனை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.